கை தூக்காத கேப்டன்

"பேஸ்பால் திரும்பி வரவேணும் எண்டு நினைக்கிற ஆக்கள் கை தூக்குங்கோ" என்று வினுஷா மேடையில் நின்று கேட்டதுதான் தாமதம், மண்டபம் முழுக்கக் கைகள்.

சிட்னியின் மேற்குப் பக்கம் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகம், ஆள் சேரவில்லை என்று சொல்லி நாலு வருடத்துக்கு முன்னால் பேஸ்பாலை நிறுத்திவிட்டது. அதை மீட்க மூன்று மாதமாக ஓடித் திரிந்தவள் வினுஷா. இந்தியக் கடைகள் நிறைந்த ஹரிஸ் பார்க்கில் ஜிலேபி வாங்க நின்ற மாணவர்களைக்கூட விட்டுவைக்கவில்லை, மடக்கி மடக்கிக் கையெழுத்து வாங்கினாள்.

படிப்பில் இது அவளுக்குக் கடைசி வருடம். இந்த சீசனில் டீம் வந்தால் ஆடலாம். இல்லையென்றால் பட்டத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

கைகளை எண்ணினாள். இருநூறைத் தாண்டியபோது அவளுக்கே கால் தரையில் நிற்கவில்லை. மூன்றாவது வரிசைக்கு வந்ததும் எண்ணிக்கை நின்றுபோனது.

அங்கே ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அருந்தவன். பழைய டீமின் கடைசி கேப்டன். இப்போது அங்கேயே பிஎச்டி செய்கிறான். முதல் கை அவனுடையதாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"அருந்தவன் அண்ணா, நீங்க?"

"எனக்கு விருப்பமில்லை. இதை விட்டிடுங்கோ" என்றவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? தான் ஆடாத டீம் இனி யாருக்கு என்ற எரிச்சல் என்றார்கள். ஒரு பெட்டை கேப்டனாக வந்துவிடுவாள் என்று பொறாமை என்றார்கள். வினுஷா அதை அப்படியே நம்பினாள்.

ஆனால் கோபப்படக்கூட அவளுக்கு நேரமில்லை. மண்டபத்துக்கு வந்திருந்த விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர் அம்மா அங்கேயே முடிவைச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை பழைய மைதானத்தைப் பார்க்க வருவாராம். ஆடக்கூடிய நிலையில் இருந்தால் இந்த சீசனே தொடங்கலாம். காடாகக் கிடந்தால் இந்த வருடம் நடக்காது.

நாலு வருடமாக யாரும் எட்டிப் பார்க்காத மைதானம் வேறு எப்படிக் கிடக்கும்? ஞாயிறு காலையில் மண்வெட்டி, வாரி, புல் வெட்டும் மெஷின் எல்லாவற்றையும் காரில் திணித்துக்கொண்டு வினுஷா கிளம்பினாள். கூடவே யுவனேஷ், மலேசியாவிலிருந்து படிக்க வந்தவன். ஒரு நாளில் முடிகிற வேலையா இது என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தான்.

போய்ப் பார்த்தால் காட்டையே காணவில்லை. புல் ஒரே மட்டத்தில் வெட்டியிருந்தது. ஓடுகிற பாதையில் ஒரு களை இல்லை. வினுஷா மண்வெட்டியோடு ஒரு குதி குதித்தாள். இனி யார் தடுத்தாலும் பேஸ்பால் வந்துவிடும்!

மைதானத்துக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார்கள். ஓரத்துப் பெஞ்சில் தலையில் கை வைத்தபடி அருந்தவன்.

நேரே அவனிடம் போனாள்.

"இதையும் கெடுக்கவோ வந்தனீங்கள்?"

"கெடுக்கத்தான் பாத்தனான்" என்றான் அவன் மறைக்காமல்.

பிறகு மெல்லச் சொன்னான். உள்ளே நிற்கிறவர்கள், அகதிகளை அடைத்துவைக்கும் வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்து வெளியே வந்தவர்கள். விசா இன்னும் முடிவாகவில்லை. கிடைத்த வேலையைச் செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இங்கே ஆடுகிற கிரிக்கெட் ஒன்றுதான் அவர்களுக்கு இருக்கிற சந்தோஷம். நாலு வருடமாக இந்தப் புல்லை வெட்டிப் பார்த்துக்கொள்வதும் அவர்கள்தான்.

"டீம் வந்தால் கேற்றுக்குப் பூட்டு வரும். ஸ்டூடண்ட் கார்ட் இல்லாத ஆக்களை உள்ள விடமாட்டினம். மண்டபத்தில இதைச் சொல்லியிருந்தா அண்டைக்கே பூட்டுப் போட்டிருப்பினம். இந்தக் கிழமை புல்லு வெட்டாதேங்கோ, அந்த அம்மா காட்டைப் பாத்திட்டுப் போகட்டும் எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான். கேட்டாத்தானே."

வினுஷாவுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மூன்று மாதத்தில் எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறாள். மைதானத்தில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை வந்து பார்க்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

உள்ளே போனாள். பேட், ஸ்டம்ப் எதையும் காணவில்லை. ஒரு வாளியில் சுண்ணாம்புத் தூள். ஒருவர் ஃபோனில் பேஸ்பால் மைதானத்தின் படத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, மற்றவர்கள் அதைப் பார்த்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். பந்தை அடிக்க நிற்கும் இடத்தில் மட்டும் பழக்கதோஷத்தில் கிரிக்கெட் கிரீஸ் போட்டுவிட்டார்கள். அதை ஒருவர் சிரித்தபடி காலால் அழித்துக்கொண்டிருந்தார்.

கயிற்றைப் பிடித்திருந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். செந்தில்நாதன் என்று அருந்தவன் அறிமுகப்படுத்தினான்.

"வாங்கோ தங்கச்சி. நாளைக்கு வாற அம்மாவுக்குக் கோடு தெரிஞ்சாத்தானே இது மைதானம் எண்டு விளங்கும்" என்றார் அவர்.

"டீம் வந்தா இந்த இடம் உங்களுக்கு இல்லாமப் போயிடும் அண்ணை."

"ஓம், தம்பி சொன்னவர். எண்டாலும் இது உங்கட இடம்தானே."

"அப்ப நீங்க எங்க போய் விளையாடுவீங்க?"

செந்தில்நாதன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"எங்களை எத்தினையோ இடத்தில இருந்து எழுப்பியாச்சு, தங்கச்சி. எங்க போவியள் எண்டு கேட்டது நீங்கள் ஒராள்தான். இந்தாங்கோ, கயித்தை இறுக்கிப் பிடியுங்கோ. உங்கட கோடு கோணலாப் போகக்கூடாது."