கடைசி ஓட்டை

தணிகாசலம் சாரின் பெல்ட் கடைசி ஓட்டைக்கு வந்துவிட்டது. தொப்பை இன்னும் ஒரு விரல் கூடினால், ஆணி அடித்துப் புது ஓட்டை போடுவார். நினைத்தாலே பெல்ட்டுக்கு நடுக்கம்.

"ஏண்டா, தினம் அவரை நடக்கக் கூட்டிட்டுப் போறியே, தொப்பை ஏன் கூடுது?" என்று ஷூவிடம் கேட்டது.

ஷூ அவர் குரலிலேயே பேசிக் காட்டியது. "'நடந்தாச்சுல்ல! நெய்ப்பொங்கல், ரெண்டு வடை! சட்னியத் தாராளமா ஊத்துப்பா!' பூங்காவுல ஒரே சுத்து, அப்புறம் ஓட்டல்தாண்ணே."

"எப்படியாவது தடுடா!"

"நாளைக்கு ஓட்டல் வாசல்ல குதிகாலைக் கடிச்சிடுறேன்."

சொன்னபடியே கடித்தது. அவர் நொண்டிக்கொண்டே வீடு திரும்பினார். பெல்ட் நிம்மதியாகத் தொங்கியது.

மறுநாள் அவர் நடக்கப் போகவில்லை. காலை நீட்டிக்கொண்டு போனை எடுத்தார்.

"தம்பி, பொங்கலும் வடையும் வீட்டுக்கே அனுப்பிடு. பூரியும் சேர்த்துக்கோ."

புண் ஆறிய அன்று பெல்ட்டைக் கட்டிப் பார்த்தார். எட்டவில்லை. ஆணி தேடப் போனார்.