மஸ்கட்டிலிருந்து நாலு மணி நேரம்

"உம்மாவுக்கு ரொம்ப முடியலடா. உன் பேரையே சொல்லிக்கிட்டு இருக்காங்க. எப்ப வருவே?"

அதிராம்பட்டினத்திலிருந்து அண்ணன் மீரா உசேன் போனில் கேட்டார்.

"மஸ்கட்டுலேருந்து திருச்சிக்கு நாலு மணி நேரம் காக்கா. பிளைட்டு சாயங்காலம்தான் இறங்கும். அப்புறம் கார்ல ஒரு மூணு மணி நேரம்" என்றான் ஜாஃபர் சாதிக்.

"பைலட்டுகிட்ட சொல்லி வேகமா ஓட்டச் சொல்லுன்னு உம்மா சொல்றாங்க."

இருவரும் சிரித்துவிட்டார்கள்.

"எம் மக பர்வினோட மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்திருக்காங்களா?"

"காலையிலேயே வந்துட்டாங்க. பொண்ணோட வாப்பா எப்ப வர்றாருன்னுதான் அவங்களும் கேக்குறாங்க."

மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் மறுபடியும் போன் வந்தது. மீரா உசேன் அழுதுகொண்டிருந்தார்.

"உம்மா மவுத்தாயிட்டாங்கடா. மையத்தை வெச்சிருக்கக் கூடாது, நாலு மணி அசர் தொழுகைக்கே அடக்கணும்னு ஜமாஅத்துல சொல்றாங்க. நீ திருச்சியில இருந்தாக்கூட நிறுத்தி வைப்பேன். இனிமே பிளைட்டு ஏறி வர்றவனுக்கு என்ன சொல்லி நிறுத்துறது?"

ஜாஃபர் வாயைத் திறந்தான். அடுத்த மாதம் மகள் பர்வினுக்கு நிக்காஹ். வாப்பா வெளிநாட்டில் இருக்கிறார் என்று கேட்டுத்தான் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணெடுக்கச் சம்மதித்திருந்தார்கள்.

"அடக்கிடுங்க காக்கா" என்றான்.

கையில் ஒட்டியிருந்த பரோட்டா மாவைக் கழுவினான். மஸ்கட் கம்பெனி அவனைத் திருப்பி அனுப்பி ஆறு மாதமாகிறது. காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கடையிலிருந்து இறங்கி, எதிரே இருந்த திருச்சி விமான நிலையத்துக்குப் போய், மஸ்கட் விமானம் வந்து சேரட்டும் என்று உட்கார்ந்தான்.