தொண்ணூற்றொன்று

பிறந்ததும் அரசு குலுக்கித் தரும் எண்ணுக்கு, பெற்றோரில் ஒருவருடைய எண்ணோடாவது ஒன்றைத் தவிர வேறு பொது வகுத்தி இருந்தால்தான் பிள்ளை வீட்டுக்கு வரும். அருளப்பனின் எண் 39, மனைவி ஸ்டெல்லாவுக்கு 51. பிறந்த பெண்ணுக்கு 91 விழுந்தது.

“ஒத்துப்போகுதா சார்? சீக்கிரம் சொல்லுங்க,” என்றாள் நர்ஸ்.

அவன் இரண்டால் வகுத்துப் பார்த்தான், மூன்றால், ஐந்தால். எண் மசியவில்லை. “பகா எண்தாங்க,” என்று கைரேகை வைத்தான். குழந்தையை அரசு விடுதிக்குத் தூக்கிப் போனார்கள். வைத்த ரேகை வைத்ததுதான், திருத்தம் கிடையாது.

வீட்டில், பால் கட்டிய வலியோடு ஸ்டெல்லா போனைப் பார்த்தாள். பிரசவ விடுப்பு பாஸாகியிருந்தது.

“பதிமூணு வாரம் குடுத்திருக்காங்க. தொண்ணூத்தியோரு நாள்...” சட்டென்று நிமிர்ந்தாள். “ஏங்க, உங்க முப்பத்தொம்பதும் பதிமூணால வகுபடும்ல?”

அருளப்பன் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான்.