முதல் அடி

"அந்த ஆளு ஆஸ்பத்திரியில கிடக்கிறான். என்னய்யா தப்பு பண்ணான்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். பஸ் ஸ்டாப்பில் அவனை அடித்த மூன்று பேரும் கைகட்டி நின்றார்கள்.

"தெரியாது சார். ட்ராயிங் வாத்தியாரே அடிக்கிறார்னா விஷயம் பெருசுதான்னு நானும் ரெண்டு போட்டேன்" என்றார் பேங்க் கேஷியர்.

வாத்தியார் பதறினார். "எனக்கு முன்னாடியே கண்ணாடிக் கடைக்காரர் அடிச்சிட்டிருந்தார் சார். நான் சும்மா நின்னா, அவனோட கூட்டாளின்னு நினைச்சிட மாட்டாங்களா?"

இன்ஸ்பெக்டர் கடைக்காரர் பக்கம் திரும்பினார். "அப்போ ஆரம்பிச்சு வெச்சது நீதானா?"

"ஐயோ சார், அவன் என் சொந்த மச்சான்! ஆப்பிள் துண்டு தொண்டையில சிக்கி முழி பிதுங்கிட்டு நின்னான். வெளிய வரட்டுமேன்னு முதுகுல ஓங்கித் தட்டினேன்."

"வந்துச்சா?"

"மூணாவது தட்டுல வந்துடுச்சு சார்."

"சரி, அவன் மூக்கை உடைச்சது யாரு?"

மற்ற இருவரும் கடைக்காரரைப் பார்த்தார்கள். அவர் தலையைச் சொறிந்தார்.

"நான்தான் சார். பெரிய மனுஷங்க எல்லாம் சேர்ந்து அந்த அடி அடிக்கிறாங்களே, நமக்குத் தெரியாம பய ஏதோ பண்ணியிருக்கான்னு எனக்கே கோபம் வந்துடுச்சு!"