சரியான சில்லறை

இன்டர்வியூவுக்குப் போகும் பஸ் டிக்கெட்டுக்கு அப்பா பதினெட்டு ரூபாயைச் சரியான சில்லறையாகத் தந்திருந்தார்.

"இருபத்திரெண்டும்மா" என்றார் கண்டக்டர்.

"எப்போ ஏத்துனீங்க?"

"நீ ஏறின பிறகு."

"அப்போ இறக்கி விடுங்க!"

"டிக்கெட் வாங்காம இந்த வண்டியில யாரும் இறங்க முடியாது."

பின்சீட்டில் ஒருத்தி சிரித்தாள். என் வயதுதான் இருக்கும். மடியில் சர்டிபிகேட் ஃபைல், தாளெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது. கையை விரித்துக் காட்டினாள். மூன்று ஒரு ரூபாய்க் காசுகள் உள்ளங்கைச் சதைக்குள் பதிந்திருந்தன.

"நானும் சரியாத்தான் கொண்டாந்தேன். அப்போ டிக்கெட் மூணு ரூபா. எனக்கும் பத்து மணிக்கு இன்டர்வியூ."

ஜன்னலில் நான் இறங்க வேண்டிய கலெக்டர் ஆபீஸ் கடந்து போனது. வண்டி நிற்கவில்லை.

"உட்காரு" என்று நகர்ந்து இடம் விட்டாள்.

நான் உட்காரவில்லை. என் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கி நின்றேன். கீழே தார்ச்சாலை ஓடிக்கொண்டிருந்தது.

"இருபத்தஞ்சு" என்றார் கண்டக்டர், என் முதுகுக்குப் பின்னால்.