இறுகாத பெடல்

நேற்று பிரேக் பேட் மாற்றிக் கொடுத்த கார் இன்று காலையே திரும்பி வந்து நின்றது. டேஷ்போர்டில் சறுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணைய மாட்டேன் என்று அடம்பிடித்தது.

“நீங்க வேலை செஞ்ச பிறகுதாண்ணே எரியுது,” என்றார் காரின் சொந்தக்காரர்.

“உக்காருங்க சார், பாத்துடலாம்.”

மெக்கானிக் கோளாறு காட்டும் ஸ்கேனரைச் செருகினார். அதன் திரையில் நான்கு சக்கரங்களும் சரியாக இருந்தன. பிரேக் பெடலுக்கு நேரே மட்டும் ‘மிதித்தது’, ‘விட்டது’, மறுபடி ‘மிதித்தது’ என்று மாறிக்கொண்டே இருந்தது. காருக்குள் ஆள் இல்லை. மிதிப்பதை உணரும் பெடல் சுவிட்சைப் புதிதாக மாட்டினார். அப்போதும் அதேதான்.

பேட் மாற்றினால், சாவியைக் கொடுக்கும் முன் பெடலை இறுகும்வரை மிதித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. நேற்று மறக்காமல் இருபது தடவை மிதித்தார். போன மாதம் கணக்கு வாத்தியார் காருக்குத்தான் மறந்துபோனது. தெருமுனை தாண்டுவதற்குள் மனிதர் லாரிக்கடியில் போய்விட்டார். வேகமாக ஓட்டினார் என்று போலீஸ் எழுதி முடித்தது. மெக்கானிக்கும் வாயைத் திறக்கவில்லை.

“என்னண்ணே, பெரிய வேலையா?”

“சுவிட்சுதான் சார். அஞ்சு நிமிஷம்.”

கதவைத் திறந்து குனிந்தார். பெடல் மெல்லத் தரைவரை இறங்கியது. மேலே வந்தது. மறுபடி இறங்கியது. கையைக் கொடுத்துத் தடுத்தார். கையையும் சேர்த்து அழுத்தியது. அது இறங்க இறங்க இருபதுவரை எண்ணினார்.

பெடல் இறுகவே இல்லை.