ஏழு கோப்பைகள்

டென்னிஸ் ஆடியே ஊரெல்லாம் பேரெடுத்த சாம்பியனுக்கு, தான் கேட்டு வந்த கிளப் வேலையையே கேட்டு வந்து உட்கார்ந்திருந்தவனைப் பார்த்ததும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"டேய் ஒல்லி, நீயா? ஏழு ஃபைனல்ல எங்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது பத்தலையா?"

"வயித்துப்பாடுண்ணே."

சாம்பியனுக்கும் அதே பாடுதான். ஆட்டத்தை விட்டபின் திறந்த கடையும் படுத்துவிட்டது. இந்தக் கிளப்பின் பயிற்சியாளர் வேலையைத்தான் மலைபோல நம்பியிருந்தான். அதை வாய்விட்டுச் சொல்வானா, சொல்லுங்கள்?

"யானைங்க ஓடுற பந்தயத்துல எலிக்கு என்னடா வேலை?" என்றான்.

கிளப் முதலாளியோடு ஆளுக்கொரு செட் ஆடிக் காட்ட வேண்டும், அதுதான் பரீட்சை. தொந்தி குலுங்க வந்தவரை சாம்பியன் இருபதே நிமிடத்தில் ஆறுக்குப் பூஜ்யம் என்று சுருட்டிவிட்டான். ஒல்லியோ நாக்குத் தள்ள ஓடி, விழுந்து எழுந்து, ஏழுக்கு ஐந்தில் அவரிடம் தோற்றான்.

"த்தூ! தொந்திகிட்டயுமாடா?"

முதலாளி குளிக்கப் போனதும் மேனேஜர் வந்து ஒல்லியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வேலை உங்களுக்குத்தான். தினம் காலையில முதலாளி ஜெயிக்கணும். விட்டுக்குடுக்கிறது மட்டும் அவருக்குத் தெரியவே கூடாது."

சாம்பியனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வேணும்னே தோக்குறதெல்லாம் ஒரு பொழப்பாடா? மானங்கெட்டவனே!"

"அப்படிச் சொல்லாதீங்கண்ணே" என்றான் ஒல்லி, உண்மையான வருத்தத்தோடு. "ஒவ்வொரு ஃபைனலுக்கும் முந்தின நாள் உங்கப்பா எங்க வீட்டுக்கு வருவாரு. என் தங்கச்சி டாக்டருக்குப் படிச்சு முடிச்சதே அந்தப் புண்ணியவானாலதான்."